பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் ஏன் நடுங்குகிறது?

எங்கள் தெருவில் குடியிருக்கும் கணித ஆசிரியரிடம் பழைய சிறு கார் ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்லும்போது ஒழுங்காகவே ஓடும். பிரேக்கை மிதித்தாலோ ஸ்டீயரிங் சக்கரம் அவர் கைகளில் கிடுகிடுவென ஆடும். ஒருவர் டயர்களைச் சமன் செய்யச் சொன்னார். பணம் செலவானதுதான் மிச்சம். இன்னொருவர், "சூட்டில் டிஸ்க் வளைந்துவிட்டது" என்றார். மறு வாரம் குடும்பத்துடன் மலைப்பாதையில் செல்ல வேண்டியிருந்ததால் ஆசிரியர் கவலைப்பட்டார். ஆடுவது டிஸ்க்கினாலா, கழன்று விழப்போகும் ஒரு மூட்டினாலா என்று தெரியாமல் மலை ஏறலாமா?

மூன்றாவதாக வந்த வயதான மெக்கானிக் கருவியைத் தொடுமுன் கேள்வி கேட்டார். "பிரேக் மிதிக்கும்போது மட்டும்தானே ஆடுது, சார்?" ஆசிரியர் ஆமாம் என்றார். இந்த ஒரு விடையே பாதி வேலையை முடித்துவிட்டது. சக்கரத்தின் எடை ஒருபுறம் கூடியிருந்தால், பிரேக் போட்டாலும் போடாவிட்டாலும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நடுக்கம் தோன்றும். ஆகவே டயரைச் சமன் செய்தது வீண் செலவே.

"கையில் தெரியுதா, உட்காரும் இடத்தில் தெரியுதா?" என்பது அடுத்த கேள்வி. ஸ்டீயரிங்குடன் இணைந்தவை முன்சக்கரங்கள். எனவே கையில் தெரிந்தால் முன் பிரேக்கையே முதலில் ஐயுற வேண்டும். இருக்கையும் பெடலும் மட்டும் அதிர்ந்தால் பின்சக்கரத்து டிரம் வட்டம் கெட்டிருக்கலாம். ஆசிரியருக்குக் கையில்தான் தெரிந்தது.

இனி டிஸ்க் பிரேக்கைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பர்மிங்காமில் லான்செஸ்டர் என்பவர் 1902-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. சக்கரத்துடன் சுழலும் வார்ப்பிரும்புத் தட்டை இருபுறமும் இரண்டு பேடுகள் கவ்விப் பிடிக்கின்றன. உராய்வினால் காரின் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. ஆட்களுடன் 900 கிலோகிராம் உள்ள கார் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில், அதாவது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 1,80,000 ஜூல். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். ஒருமுறை நிறுத்துவதில் வெளிப்படும் இவ்வெப்பத்தின் பெரும்பகுதி முன் டிஸ்க்குகளில் சேர்கிறது.

டிஸ்க்கின் தடிப்பு எங்கும் ஒரே அளவாக இல்லையெனில் என்ன நேரும்? தடித்த பகுதி பேடுகளுக்கிடையே நுழையும்போது பேடுகளையும் பிஸ்டனையும் பின்னுக்குத் தள்ளுகிறது. பிரேக் திரவத்தின் அழுத்தம் உயர்கிறது; பிடியும் இறுகுகிறது. மெலிந்த பகுதி வந்ததும் பிடி தளர்கிறது. இவ்வாறு சுற்றுக்கு ஒருமுறை சக்கரம் வெடுக்கென இழுக்கப்பட, அந்த இழுப்பு இணைப்புத் தண்டுகள் வழியே ஸ்டீயரிங்கை அடைகிறது.

மாருதி 800-இல் உள்ளது போன்ற 12 அங்குலச் சக்கரம், டயருடன் சேர்த்துச் சுமார் 1.6 மீட்டர் சுற்றளவு உடையது. விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் அது 12.5 முறை சுற்றும். நடுக்கத்தின் அதிர்வெண்ணும் 12.5 ஹெர்ட்ஸ். பல கார்களில் முன்சக்கர அமைப்பின் இயல்பு அதிர்வெண் 10 முதல் 20 ஹெர்ட்ஸுக்குள் அமைவதால் அங்கே ஒத்ததிர்வு ஏற்படுகிறது. வேகம் குறையக் குறைய நடுக்கம் நிதானமாகி மறைவதன் காரணமும் இதுவே.

மெக்கானிக் முன்பகுதியை உயர்த்தி, தாங்கிகளில் நிறுத்தி, சக்கரத்தைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். மூட்டுகளும் பேரிங்கும் உறுதியாக இருந்தன. பழைய காரில் இச்சோதனையை விடவே கூடாது. தேய்ந்த மூட்டு சிறு அதிர்வைப் பெரிதாக்கும், கழன்றால் உயிருக்கே ஆபத்து. பிறகு சக்கரத்தைக் கழற்றி, டயல் கேஜின் முனையை டிஸ்க்கின் மேல் வைத்துச் சுற்றினார். பக்கவாட்டு ஆட்டம் 0.12 மி.மீ. டிஸ்க்கைக் கழற்றியபோது ஹப்பின் முகத்தில் துரு படிந்திருந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டியதும் ஆட்டம் 0.04 மி.மீ. ஆகக் குறைந்தது. அப்படியானால் டிஸ்க் வளையவேயில்லை! அது சாய்ந்து உட்கார்ந்திருந்தது, அவ்வளவே.

அடுத்து அவர் எடுத்தது உங்கள் ஆய்வகத்திலுள்ள திருகு அளவி போன்ற கருவிதான். விளிம்பைச் சுற்றி எட்டு இடங்களில் தடிப்பை அளந்தார். மிகுதியானதற்கும் குறைந்ததற்கும் வேறுபாடு 0.03 மி.மீ., அதாவது தலைமயிரின் தடிப்பில் பாதிகூட இல்லை. இவ்வளவே கையை உலுக்கப் போதுமானது.

துருவுக்கும் தடிப்புக்கும் என்ன தொடர்பு? பிரேக்கை விட்ட பிறகும் பேடுகள் டிஸ்க்கை ஒட்டியே நிற்கின்றன. சாய்ந்து சுழலும் டிஸ்க்கில் ஒரே பகுதி சுற்றுதோறும் பேடில் உரசுகிறது. ஒரு கிலோமீட்டருக்கு 625 சுற்று. 5,000 கிலோமீட்டருக்கு 31 லட்சத்துக்கும் மேல். அப்பகுதி தேயாமல் என்ன செய்யும்?

வேறு வழியிலும் இக்கோளாறு வரும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கி, கொதிக்கும் டிஸ்க்கைப் பேடு கவ்வியிருக்க அப்படியே நின்றால், பேடின் பொருள் அவ்விடத்தில் திட்டாக ஒட்டிக்கொள்ளும். மிகையாகச் சூடேறிய இடத்தில் வார்ப்பிரும்பு சீமென்டைட் என்னும் கடினப் பொருளாகவும் மாறக்கூடும். அது மற்ற இடங்களைவிடக் குறைவாகத் தேய்வதால், கடைசல் இயந்திரத்தில் மட்டமாக்கினாலும் சில காலத்தில் மீண்டும் துருத்தும். மலையில் தாழ்ந்த கியரில் இறங்கச் சொல்வது இதற்காகவும்தான்.

ஆசிரியரின் டிஸ்க்கைக் கடைந்தால் குறைந்தபட்சத் தடிப்புக்குக் கீழே போய்விடும் என்று தெரிந்தது. எனவே இருபுறமும் புதிய டிஸ்க்குகளும் பேடுகளும் போட்டார்கள். இறுகிப்போன கேலிப்பர் ஊசி ஒன்றைக் கழற்றி, பிரேக்குக்குரிய கிரீஸ் இட்டார் மெக்கானிக். நட்டுகளை வரிசையாக முடுக்காமல், எதிரெதிரே உள்ளவற்றைச் சிறிது சிறிதாக ஒரே அளவில் முடுக்கினார். ஒன்றை மட்டும் மிகையாக முடுக்கினாலும் டிஸ்க் கோணும்.

மறு வாரம் ஆசிரியர் மலைக்குப் போய்வந்தார். ஸ்டீயரிங் ஆடவில்லை. டயரைச் சமன் செய்த ரசீதை மட்டும் இன்னும் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.