ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) காசுக்கு வேலை நடக்கிறதா?

ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள வெளி நிறுவனத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறீர்களா? ‘போன் பண்ணா உடனே வந்துடுறாங்க’ என்பதை மட்டும் வைத்து மதிப்பெண் போடாதீர்கள். ஒரே பிரின்டருக்காக மாதத்தில் நான்கு முறை வந்தால், கோளாறு இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம். புகார் சொன்ன நேரம், சரிசெய்த நேரம், காரணம் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.

முக்கியமாகச் சோதிக்க வேண்டியது பேக்கப். ‘தினமும் எடுக்கிறோம் சார்’ என்பார்கள். போன மாதத்து டேலி டேட்டாவை வேறொரு கம்ப்யூட்டரில், உங்கள் கண் முன்னால் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறக்கவில்லையென்றால் இத்தனை நாள் எடுத்ததும் வீண். ஒரு பிரதியாவது அலுவலகத்துக்கு வெளியே இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் ‘சர்வர் 99 சதவீத நேரம் இயங்கும்’ என்றிருந்தால் மயங்க வேண்டாம். வருடத்தில் மூன்றரை நாளுக்கு மேல் அது படுத்துக்கிடந்தாலும் ஒப்பந்தப்படி தப்பில்லை!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அதை அவர்களாகவே முன்கூட்டிச் சொன்னார்களா?

சர்வர், ரவுட்டர் பாஸ்வேர்டுகள் உங்களிடமும் இருக்க வேண்டும். இணையதள டொமைன் உங்கள் பெயரில்தான் பதிவாகியிருக்க வேண்டும். கேட்டதும் மழுப்பினால் (மழுப்புகிறவர்கள் உண்டு), எழுத்தில் வாங்கும்வரை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காதீர்கள்.