விலகும் வழியையும் நீயே எழுது

அன்புள்ள தம்பிக்கு,

தி.நகர்ப் புடவைக் கடையின் ஆடித் தள்ளுபடி மடல் எனக்கும் வந்தது. பெயர் இல்லாவிட்டாலும் நடையைப் பார்த்ததுமே நீ எழுதியது என்று தெரிந்துவிட்டது. அனுப்புநரை உறுதிசெய்யும் டி.கே.ஐ.எம்., டிமார்க் எல்லாம் சரியாக இருக்கின்றன, தலைப்பு வரி கைபேசியில் வெட்டுப்படவில்லை. அதெல்லாம் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நேராக மடலின் அடிக்கு வருகிறேன். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

கடை முகவரிக்கும் காப்புரிமை வரிக்கும் நடுவில், ‘மின்னஞ்சல் விருப்பங்களை நிர்வகிக்க இங்கே’ என்று ஒரு வரி. வெள்ளையில் வெளிர் சாம்பல், பொடி எழுத்து, அடிக்கோடுகூடக் கிடையாது. கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன். நீ போட்டிருக்கும் சாம்பலுக்கும் (நிறக் குறியீடு 999999) வெள்ளைக்கும் உள்ள நிற வேறுபாடு 2.8 அளவுதான். பார்வைக் குறை உள்ளவர்களையும் நினைத்து எழுதப்பட்ட இணைய நெறிகள் சிறிய எழுத்துக்கு 4.5 கேட்கின்றன. 767676 வரை கருமை ஏற்றினால்தான் அது கிடைக்கும். டிசைனர் செய்தது என்று சொல்லாதே. மடலுக்குப் பொறுப்பு நீ.

அதைவிட என்னை உறுத்தியது அந்த ‘நிர்வகிக்க’. மடல் வேண்டாம் என்று நினைக்கிறவர் எதையும் நிர்வகிக்க வரவில்லை, போக வந்திருக்கிறார். ‘இந்த மடல்கள் இனி வேண்டாம்’ என்று நேராக எழுது. பக்கத்திலேயே ‘அன்சப்ஸ்கிரைப்’ என்றும் போடு, பலருடைய கண் அதைத்தான் தேடிப் பழகியிருக்கிறது. இணைப்பை அந்த முழு வரிக்கும் கொடு. பார்வையற்றவர் திரைவாசிப்பானில் இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்டுப் போவதுண்டு. உன் மடலில் அவருக்குக் கேட்பது ‘இங்கே’, ‘இங்கே’, ‘இங்கே’. எது புடவைக்கு, எது விலகலுக்கு என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

பட்டியல் குறைந்துவிடும் என்று கடைக்காரர் பயப்படுவார். அவரிடம் இதைச் சொல். விலகும் வழியைக் காணாதவர் சும்மா இருந்துவிட மாட்டார். ‘ஸ்பேம்’ பொத்தான் திரையின் மேலேயே, பளிச்சென்று இருக்கிறது. ஒரு நாளைக்கு 5,000 மடல்களுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிறவர்களிடம் கூகுள் 2024 பிப்ரவரியிலிருந்து கறாராக இருக்கிறது: ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது, 0.1-க்குக் கீழே இருப்பது நல்லது. ஆயிரத்தில் மூன்று பேர், அவ்வளவுதான். அந்த மூன்று பேரின் எரிச்சலால், மடலை ஆசையாகத் திறக்கிற மற்றவர்களுக்கும் அது போய்ச் சேராமல் தடைப்படும்.

என் பிடிவாதம் சட்டம் படித்து வந்ததல்ல. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் நான் வேலை பார்த்த நிறுவனம் நகைக் கடைகளுக்கு மடல் அனுப்பிக் கொடுக்கும். விலகல் இணைப்பைத் தொடாதே, தொட்டால் உன் முகவரி உயிரோடு இருக்கிறது என்று அனுப்புகிறவனுக்குத் தெரிந்துவிடும் என்று அப்போது எல்லோரும் எச்சரிப்பார்கள். அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது. இணைப்பைத் தொடப் பயந்தவர் பதில்தான் எழுதுவார். எங்கள் மடல்களோ பதில் போடக் கூடாத முகவரியிலிருந்து போகும். அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை. சர்வரில் இடம் நிரம்பியபோது சுத்தம் செய்யத் திறந்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நாங்கள் அனுப்பிய மடல்களுக்கெல்லாம் பதில் எழுதியிருந்தார். மனைவி காலமாகிவிட்டார், அவர் பெயருக்குத் திருமண நாள் வாழ்த்து அனுப்ப வேண்டாம், அவ்வளவுதான் கோரிக்கை. மாதங்கள் போகப் போகக் கடிதம் சுருங்கிக்கொண்டே வந்தது. ‘ஐயா, வணக்கம்’ மட்டும் கடைசிவரை இருந்தது. முகவரியை நானே நீக்கிவிட்டு அவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். மேலாளர் ஏன் நீக்கினாய் என்றுதான் கேட்டார்.

சரி, உன் இணைப்பை அழுத்தினால் என்ன வருகிறது? உள்நுழையச் சொல்லிக் கடவுச்சொல் கேட்கிறது. அமெரிக்காவின் கேன்-ஸ்பேம் சட்டம் 2003-இல் வந்தது. அதன்கீழ் 2008-இல் வந்த விதிகளின்படி, விலகுகிறவரிடம் மின்னஞ்சல் முகவரியும் விலகல் விருப்பமும் தவிர வேறெதுவும் கேட்கக் கூடாது, ஒரு பக்கத்துக்கு மேல் அலையவிடக் கூடாது. 10 வேலை நாள்களுக்குள் நிறுத்தியாக வேண்டும். கனடாவிலும் 10 வேலை நாள், ஆனால் இணைப்பு 60 நாள் வேலை செய்ய வேண்டும். ஆஸ்திரேலியாவில் 5 வேலை நாள்தான். தி.நகர்க் கடைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்க முடியாது. நியூ ஜெர்சிக்கும் டொரன்டோவுக்கும் சிட்னிக்கும் கூரியர் கட்டணம் போட்டிருப்பது நீதான். நம் நாட்டிலும் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு எளிதோ அதே அளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. பில் போடும்போது மின்னஞ்சலைச் சொன்னால் பட்டியலில் சேர்ந்தாயிற்று. விலக மட்டும் கடவுச்சொல்லா?

விலகல் பக்கத்தின் பொத்தானில் இருப்பது: ‘வேண்டாம், எனக்குத் தள்ளுபடி பிடிக்காது.’ இதை நீ எழுதினாய் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிடுகின்றன. இப்படிக் கூச வைத்து இருக்கச் செய்வது அவற்றில் ஒன்று. இன்றைக்கே எடுத்துவிடு.

மடல் செயலியே விலகல் பொத்தானைக் காட்ட உதவும் லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப் வரியை மடலின் ஹெடரில் வைத்திருக்கிறாய். 2017-இல் வந்த ஆர்.எஃப்.சி. 8058 என்ற இணைய நெறி சொல்லும் லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்-போஸ்ட் வரியை விட்டுவிட்டாய். அலுவலகங்களில் மடலைச் சோதிக்கும் பாதுகாப்பு மென்பொருள் உள்ளே இருக்கிற இணைப்புகளைத் தானே திறந்து பார்க்கும். திறந்த மாத்திரத்தில் விலக்கிவிடும் இணைப்பாக இருந்தால், படிக்கிறவர் கைபடாமலே அவர் பெயர் போய்விடும். வெறுமே திறந்தால் விலக்காத போஸ்ட் முறை அதைத் தடுக்கத்தான். இரண்டு வரிகளும் டி.கே.ஐ.எம். கையொப்பத்துக்குள் வர வேண்டும். கூகுளும் யாஹூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களிடம் இதை எதிர்பார்க்கின்றன, 2 நாளுக்குள் நிறுத்தவும் சொல்கின்றன. ஹெடரில் இருக்கிறதே என்று மடலுக்குள் இருக்கும் இணைப்பை எடுத்துவிடாதே. இரண்டும் வேண்டும்.

இன்னொன்று தமிழில் எழுதுகிறவர்களுக்கே உரிய தொல்லை. 102 கேபியைத் தாண்டிய மடலை ஜிமெயில் வெட்டிவிடும். முதலில் காணாமல் போவது அடிப்பகுதி, அதோடு விலகல் வரி. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால் தமிழில் ‘க’ மூன்று பைட், ‘கோ’ ஆறு. உன் மடல் நூறைத் தொட்டு நிற்கிறது. அதில் பெரும்பங்கு வேர்டிலிருந்து ஒட்டியபோது கூடவே வந்த ஸ்டைல் குப்பை. அதை நீக்கு, எழுத்தைக் குறைக்காதே.

ஏனென்றால் அந்த எழுத்து அப்படிப்பட்டது. கோர்வைப் புடவையில் கரையும் உடலும் சேரும் இடத்தைப் பற்றி நீ எழுதிய பத்தியை என் மனைவிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். நெசவாளரும் பக்கத்தில் உட்காரும் உதவியாளரும் ஒரே மூச்சில் வேலை செய்வதை நாலே வாக்கியத்தில் கண்முன் நிறுத்திவிட்டாய். விற்பனை மடலில் இப்படியொரு தமிழை இத்தனை வருடத்தில் நான் படித்ததில்லை. உன் வயதில் நானோ என்னோடு இருந்தவர்களோ இதன் பக்கத்தில்கூட வந்ததில்லை. அதை எழுதிய கைதான் விலகல் வரியையும் எழுத வேண்டும் என்கிறேன். அந்த வரியை மட்டும் டெம்ப்ளேட்டில் வந்தபடி விட்டுவிட்டாய்.

விலகியவருக்குக் காட்டும் பக்கத்தில், ‘உங்கள் முகவரியை நீக்கிவிட்டோம். இனி மடல் வராது’ என்பது போதும். அழுகிற பொம்மைப் படம் வேண்டாம், ‘ஏன் போகிறீர்கள்’ என்ற கேள்வித்தாளும் வேண்டாம். வரலட்சுமி நோன்பு மடல் போவதற்கு முன் எனக்கு ஒரு சோதனைப் பிரதி அனுப்பு. கைபேசியில் திறந்து, விலகிப் பார்த்துச் சொல்கிறேன். கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கூப்பிடு, நானும் வந்து பேசுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்