வட்டைக்கு வரம்பு: எஸ்.எஸ்.டி.யில் லினக்ஸுக்கு இடம் பிரித்தல்

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டீ.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி நம் வீடுகளில் உள்ள பழைய மடிகணினிகள் பலவற்றில் இல்லை. அதற்காக அவற்றை மூலையில் போட வேண்டியதில்லை. சுழலும் வன்தட்டைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்.எஸ்.டி.யைப் பூட்டி, உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் முறைமை ஒன்றை நிறுவினால் இன்னும் சில வருடங்கள் தாராளமாக ஓடும். நிறுவும்போது ஒரு கேள்வி வரும்: முழுத் தட்டையும் ஒரே துண்டாக எடுக்கவா, நீங்களே பிரிக்கிறீர்களா? பெரும்பாலானோர் முதலாவதைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறோம்.

வயல் செய்யும் வீட்டாருக்கு இதை விளக்குவது சுலபம். ஒரே வட்டைக்குள் வரம்பு கட்டியிருந்தால், ஒரு துண்டை உழும்போது பக்கத்துத் துண்டில் நிற்கும் பயிர் அப்படியே நிற்கும். லினக்ஸில் பணிசெயல் முறைமை இருக்கும் இடம் ‘ரூட்’. நம் படங்கள், பாடக்குறிப்புகள் எல்லாம் இருக்கும் இடம் ‘ஹோம்’. இரண்டுக்கும் நடுவே வரம்பு இருந்தால் ரூட்டை மட்டும் அழித்துப் புதிதாக நிறுவலாம். ஹோமை ‘போர்மட்’ செய்யச் சொல்லும் பெட்டியில் மட்டும் அடையாளமிடக் கூடாது.

இதை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டு மடிகணினியைத் திருத்தக் கொடுத்த இடத்தில், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே முழுவதையும் அழித்து முறைமையைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் தாத்தாவின் குறிப்புகளை எப்படியோ திரும்ப எழுதிக்கொண்டார். மௌத்தாகிப்போன உம்மம்மாவின் குரல் பதிவுகளை யாரால் திரும்ப எடுக்க முடியும்?

இனி அளவுகள். பெட்டியில் 240 ஜீபி என்று இருக்கும், கணினி 223.5 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. உற்பத்தியாளர் ஆயிரங்களால் எண்ணுகிறார், கணினி 1024களால் எண்ணுகிறது, அவ்வளவுதான். இந்த 223.5இல் கணினியைத் தொடக்கும் ஈ.எப்.ஐ. பிரிவுக்கு 0.5, ரூட்டுக்கு 40, ஸ்வொப்புக்கு 8, ஹோமுக்கு 155 கொடுத்து, கடைசி 20ஐ வெறுமனே விட்டுவிடுவேன். ஸ்வொப் என்பது ரெம் நிரம்பும்போது பயன்படும் உதவி இடம். 8 ஜீபி ரெம் உள்ள கணினியை ‘ஹைபர்னேட்’ செய்ய விரும்பினால் கிட்டத்தட்ட அதே அளவு ஸ்வொப் வேண்டும். விரும்பாவிட்டால் 2 போதும்.

ஏன் 20ஐ வெறுமனே விட வேண்டும்? எஸ்.எஸ்.டி.யில் எழுதுவது சிறு பக்கங்களாக, அழிப்பதோ பல பக்கங்கள் சேர்ந்த பெரிய தொகுதிகளாக. எழுதிய பக்கத்தின் மேலேயே மறுபடி எழுதவும் முடியாது. ஆகவே உள்ளிருக்கும் கட்டுப்படுத்தி, தரவை இடம்மாற்றி வைக்க வெற்றிடம் தேடிக்கொண்டே இருக்கும். தட்டு நிரம்ப நிரம்ப வேகம் குறைவதும், கலங்கள் விரைவாகத் தேய்வதும் இதனால்தான்.

“ஹோம் பிரிவில் அடிக்கடி எழுதினால் அந்தப் பகுதி மட்டும் தேய்ந்துவிடாதா?” என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. தேயாது. நாம் போடும் வரம்பு முகவரிகளில் மட்டும்தான் இருக்கிறது. உண்மையில் எந்தக் கலத்தில் எழுதுவது என்பதைக் கட்டுப்படுத்தியே தீர்மானிக்கிறது. முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சும் வட்டவிதானையார் போல, எழுத்து வேலையைத் தட்டு முழுவதற்கும் பகிர்ந்துவிடும். இதனால்தான் உயர்தரப் பாடத்தில் நாம் படிக்கும் ‘துண்டாக்கம் நீக்கல்’ சுழலும் வன்தட்டுக்கே பயன் தரும். எஸ்.எஸ்.டி.யில் அதைச் செய்தால் தேய்மானம்தான் மிச்சம். (பரீட்சையில் பாடநூலில் உள்ளபடியே எழுதுங்கள்.)

பிரிவு தொடங்கும் இடமும் முக்கியம். பழைய மென்பொருள்கள் முதல் பிரிவை 63ஆவது செக்டரில் தொடங்கின. 63 × 512 = 32,256 பைட். இதை 4,096ஆல் வகுத்தால் மீதி வரும். அதாவது 4,096 பைட் கொண்ட ஒவ்வொரு எழுத்தும் இரண்டு பக்கங்களில் கால் வைத்து நிற்கும். ஒன்றுக்கு இரண்டு வேலை. இப்போதுள்ளவை 2048ஆவது செக்டரில் தொடங்குகின்றன. 2048 × 512 = 1,048,576; மீதி இல்லை. புதிய நிறுவியே இதைப் பார்த்துக்கொள்ளும். பழைய தட்டை அப்படியே பிரதி எடுத்து எஸ்.எஸ்.டி.க்கு மாற்றும்போது மட்டும் சரிபாருங்கள்.

வரிசையிலும் ஒரு உபாயம் உண்டு. ஒரு பிரிவை அதற்கு அடுத்துள்ள வெற்றிடத்துக்குள்தான் நேரடியாக விரிக்க முடியும். ரூட்டுக்கு அடுத்ததாக ஸ்வொப்பை வைத்தால், பின்னாளில் ரூட் போதாமல் போகும்போது ஸ்வொப்பை நீக்கி ரூட்டை விரித்துவிட்டு, ஸ்வொப்பை ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளலாம். ஹோமுக்கு அடுத்து அந்த 20 இருக்கிறது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது ‘ட்ரிம்’. அழித்த கோப்புகளின் இடம் இனித் தேவையில்லை என்று எஸ்.எஸ்.டி.க்குச் சொல்லும் கட்டளை அது. உபுண்டுவில் வாரம் ஒருமுறை தானாக ஓடும். வேகத்துக்கு நல்லது. ஆனால், அது ஓடிய பிறகு, வன்தட்டிலிருந்து மீட்பது போல அழிந்த படங்களை மீட்டுத் தரும்படி யாரிடமும் கொடுத்துப் பெரும்பாலும் பயனில்லை. தட்டே பழுதானால் எல்லாப் பிரிவுகளும் சேர்ந்தே போகும். எனவே ஹோமின் பிரதியொன்று வேறொரு தட்டில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் அந்தப் பிரதியை எடுப்பது என் வேலை. பத்து நிமிடம் போதும்.