கிண்ணத்தை வைத்துப் பறவைகளை எண்ணாதீர்கள்

மதுரை வில்லாபுரத்தில் மொட்டைமாடிச் சுவரில் கம்பும் குருணையும் வைக்கும் வீடுகள் உண்டு. நல்ல வழக்கம்தான். ஆனால், அதையொட்டிச் செவிவழியாகப் பரவும் கருத்துகளைத் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டியிருக்கிறது.

"மழைக்காலத்தில் பறவைகள் வரவில்லை, அழிந்துவிட்டன."

அழியவில்லை, வேறிடத்தில் வயிறு நிறைகிறது. மதுரைச் சமவெளிக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அப்போது ஈசல் பறக்கும், புழு பெருகும், பிறகு புல் விதை முற்றும். தை அறுவடையில் வயலெங்கும் நெல் சிந்திக் கிடக்கும். நம் குருணையைத் தேடி வர வேண்டிய அவசியம் என்ன? இரை அருகும் கோடையில் மீண்டும் வரும்.

"குயில் சித்திரையில் வந்து, பிறகு ஊர் திரும்பிவிடும்."

அது ஆண்டு முழுவதும் இங்கேயேதான் இருக்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் குயில் ஓங்கிக் கூவும்; மற்ற மாதங்களில் அடர்ந்த கிளைகளுக்குள் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். காதில் விழாததை இல்லாததாக்கிவிடுகிறோம்.

"சிட்டுக்குருவியைக் கொன்றது செல்போன் கோபுரம்."

2018இல் வந்த '2.0' திரைப்படம் இந்த நம்பிக்கைக்கு மேலும் உரமிட்டது. ஆனால் பிரிட்டனில் சிட்டுக்குருவிகள் 1970களிலேயே குறையத் தொடங்கின; அன்று அங்கே செல்போன் புழக்கத்துக்கே வரவில்லை. இந்தியப் பறவைகளின் நிலை குறித்த 2020ஆம் ஆண்டு அறிக்கையின்படி, நாடளவில் அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாக இருக்கிறது, சரிவு பெருநகரங்களில்தான். கோபுரமே காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. குருவிக் குஞ்சு வளர்வது புழு பூச்சியைத் தின்று. தோட்டத்தில் மருந்தடித்து அந்த இரையை அழிக்கிறோம். கூடு கட்ட ஓட்டு வீட்டில் இருந்த இடுக்குகள் கான்கிரீட்டில் இல்லை. கோபுரம் அடுத்தவருடையது, வீடும் தோட்டமும் நம்முடையவை. பழி எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் திருத்தக்கூடிய காரணங்களைத் திருத்தாமல் விடுகிறோம்.

"இரை வைத்துப் பழக்கினால், நிறுத்தியதும் பட்டினி கிடந்து சாகும்."

அமெரிக்காவின் விஸ்கான்சினில் 25 ஆண்டுகளாக இரை வைத்துவந்த இடத்தில் அதை நிறுத்திப் பார்த்தார்கள். இரையே வைக்காத இடத்துச் 'சிக்கடி' என்னும் குருவிகளைப் போலவே, இரை நிறுத்தப்பட்ட இடத்துச் சிக்கடிகளும் குளிர்காலத்தைப் பிழைத்துக் கடந்தன. 1992இல் வெளியான ஆய்வு இது. பறவைக்கு நம் கிண்ணம் பல வாய்ப்புகளில் ஒன்று, அவ்வளவே.

"மிச்சம் மீதி எதுவும் இரைதான், தண்ணீரை ஒருமுறை நிரப்பினால் போதும்."

மிக்சரிலும் முறுக்கிலும் உள்ள உப்பு பறவைகளுக்குக் கேடு. மாற்றாத தண்ணீரில் ஒரே வாரத்தில் டெங்கு கொசு உருவாகும், கேடு நமக்கும்தான்.

ஆகவே, மழைக்காலத்தில் கிண்ணம் காலியாகவில்லை என்று கவலைப்பட வேண்டாம். வெயில் 40 டிகிரியைத் தொடும் சித்திரை, வைகாசியில் அகலமான மண்சட்டியை நிழலில் வைத்து, தினமும் கழுவித் தண்ணீர் மாற்றுங்கள். தோட்டத்துக்கு மருந்தடிப்பதை நிறுத்துங்கள். அதுவே பறவைகளுக்குச் செய்யும் உண்மையான உதவி.