பச்சை குத்தியதை லேசர் மூலம் அகற்றலாமா? தவ்பாவும் சிகிச்சையும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



இளம் வயதில் நண்பர்களோடு சேர்ந்து கையிலோ கழுத்திலோ டாட்டூ குத்திக்கொண்டு, பிறகு மார்க்கத்தின் பக்கம் திரும்பியவர்கள் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். "இந்தக் கையோடு தொழுதால் தொழுகையே கூடாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அவர்களில் சிலர் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் ஆசிட் ஊற்றியாவது அதை அழித்துவிடத் துடிக்கிறார்கள். இரண்டுமே ஆபத்தானவை. பாவம் எதனால் நீங்கும், மை எதனால் நீங்கும், மை நீங்கும் வரை நம் வணக்கங்களின் நிலை என்ன என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்வோம்.

பாவத்தை நீக்குவது தவ்பா

பச்சை குத்துபவரையும் குத்திக்கொள்பவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள். இதை இப்னு உமர் (ரலி), இப்னு மஸ்ஊத் (ரலி) போன்ற நபித்தோழர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது. ஆகவே இது சிறிய விஷயமல்ல.

ஆனால் அந்தப் பாவத்தை அழிப்பது லேசர் அல்ல, தவ்பா. செய்ததை எண்ணி வருந்துவது, அதை விட்டுவிடுவது, இனி செய்வதில்லை என்று உறுதி கொள்வது ஆகியவைதான் அதன் நிபந்தனைகள். மருத்துவமனைக்குப் போகப் பணம் சேரும் வரை தவ்பாவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்று இரவே அதைச் செய்யலாம். இஸ்லாத்தைத் தழுவியவருக்கோ, இஸ்லாம் அதற்கு முந்தைய பாவங்களை அழித்துவிடுகிறது என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியுள்ளார்கள். சிறு வயதில் பெற்றோர் பச்சை குத்திவிட்டிருந்தால், பாவம் குத்தியவர் மீதே தவிர, அந்தக் குழந்தை மீது இல்லை என்று இமாம் நவவி (ரஹ்) விளக்குகிறார்கள்.

லேசர் செய்வது படைப்பை மாற்றுவதாகாதா?

சிலருக்கு இந்தச் சந்தேகம் வருகிறது. அழகுக்காக அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதே அந்த ஹதீஸில் கண்டிக்கப்படுகிறது. டாட்டூவை அகற்றுவது அதற்கு நேர் எதிரானது. பிறக்கும்போது இருந்த தோலின் நிலைக்குத் திரும்பும் முயற்சி அது. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குத் தங்கத்தால் மூக்கு வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தி அபூதாவூத், திர்மிதியில் உள்ளது. குறையைச் சரிசெய்வது வேறு, படைப்பை மாற்றுவது வேறு என்பதை இதிலிருந்து விளங்கலாம். ஆனால் பழைய டாட்டூவை மறைக்க அதன் மேலேயே இன்னொரு டாட்டூ குத்துவது கூடாது. அது அதே பாவத்தை மீண்டும் செய்வதாகும்.

அகற்றுவது கடமையா?

ஷாஃபிஈ மத்ஹபில், ஊசி குத்தும்போது வெளிவரும் இரத்தம் மையோடு கலந்து தோலுக்குள் தங்குவதால் அந்த இடம் அசுத்தமானதாகக் கருதப்படுகிறது. எனவே சிகிச்சையால் அகற்ற முடிந்தால் அகற்ற வேண்டும்; தாமதிப்பதும் குற்றம். உயிருக்கோ உறுப்புக்கோ அதன் செயல்பாட்டுக்கோ ஆபத்து ஏற்படும் என்றோ, வெளியே தெரியும் உறுப்பில் மோசமான விகாரம் ஏற்படும் என்றோ அஞ்சினால் அது கடமையில்லை. தவ்பா செய்துவிட்டால் அவர் மீது குற்றமும் இல்லை. இது இமாம் நவவி (ரஹ்) அவர்களின் விளக்கம். ஹனஃபி மத்ஹபில், அந்த இடத்தைக் கழுவினால் சுத்தமாகிவிடும். நீக்கக் கடினமான நிறம் எஞ்சியிருப்பது மன்னிக்கப்படும் என்று இப்னு ஆபிதீன் (ரஹ்) கூறுகிறார்கள்.

அன்று அகற்றுவதென்றால் தோலைக் கிழித்துப் புண்ணாக்க வேண்டியிருந்தது. இன்று லேசர் வந்திருப்பதால், முன்பு இயலாது என்றிருந்தது பலருக்கு இயலும் என்று ஆகியிருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் அல்ல. அதனால்தான் சிகிச்சையைப் பற்றியும் அறிய வேண்டும்.

லேசர் எப்படி வேலை செய்கிறது?

டாட்டூ மை மேல்தோலுக்குக் கீழே, உள்தோலில் தங்கியிருக்கிறது. லேசர் ஒளி ஒரு நொடியின் கோடிக்கணக்கான பங்குகளில் ஒரு பங்கு போன்ற மிகக் குறுகிய நேரத்தில் பாய்ந்து, மைத்துகள்களை உடைக்கிறது. உடைந்த துகள்களை உடலின் நோய் எதிர்ப்புச் செல்கள் சிறிது சிறிதாக அகற்றுகின்றன. ஒரே தடவையில் மறையாது. பொதுவாக 6 முதல் 8 வார இடைவெளியில் பல அமர்வுகள் தேவைப்படும்.

கறுப்பு மை எளிதில் போகும். பச்சை, மஞ்சள் நிறங்கள் கடினம். வெள்ளை மை லேசர் பட்டதும் கறுத்துவிடவும் கூடும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் உள்ள நிறமியும் ஒளியை உறிஞ்சுவதால், தோல் வெளுக்கவோ கறுக்கவோ வாய்ப்புண்டு. இதனால் கறுப்பு மைக்கு 1064 நானோமீட்டர் அலைநீள லேசரே நம் தோலுக்குப் பாதுகாப்பானது. தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எனவே அழகு நிலையத்துக்குப் போகாமல், தகுதியுள்ள தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். முடிந்தவரை ஆண்கள் ஆண் மருத்துவரையும் பெண்கள் பெண் மருத்துவரையும் நாடுங்கள். ஆசிட், சுண்ணாம்பு, சூடு வைப்பது ஆகியவற்றின் பக்கமே போகாதீர்கள். தன்னைத் தானே அழிவில் தள்ளிக்கொள்வதை அல்லாஹ் தடுத்திருக்கிறான் (2:195). அதேபோல் வட்டிக்குக் கடன் வாங்கி லேசர் செய்யாதீர்கள். ஒரு பாவத்தின் அடையாளத்தை அழிக்க இன்னொரு பெரும்பாவத்துக்குள் நுழைவது தவ்பாவாகாது. வசதி வரும் வரை பொறுத்திருங்கள். சக்திக்கு மீறி எந்த ஆன்மாவையும் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை (2:286).

வுளூ, தொழுகை, நோன்பு

நகப்பூச்சு தோலுக்கும் நீருக்கும் நடுவே தடையாக இருக்கும். டாட்டூ மை அப்படியல்ல. அது தோலுக்கு அடியில் இருக்கிறது. நீர் தோலில் படுகிறது. எனவே வுளூவும் கடமையான குளிப்பும் நிறைவேறும். அகற்ற இயலாதவரின் தொழுகையும் செல்லும்.

லேசர் செய்த இடத்தில் கொப்புளமோ புண்ணோ ஏற்பட்டு, நீர் படக்கூடாது என்று மருத்துவர் சொன்னால், மற்ற இடங்களைக் கழுவிவிட்டு, கட்டின் மீது ஈரக்கையால் தடவிக்கொள்ளலாம். ஷாஃபிஈ மத்ஹபினர் அத்துடன் தயம்மும் செய்ய வேண்டும். புண்ணிலிருந்து இரத்தம் வழிந்தோடினால் ஹனஃபி மத்ஹபில் வுளூ முறியும். லேசர் ஒளியாலோ தோலில் தடவும் மரத்துப்போகும் மருந்தாலோ நோன்பு முறியாது.

மஹல்லாவினருக்கு ஒரு வார்த்தை

ஆரம்ப கால முஸ்லிம்களில் ஒருவரான அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களின் கைகளில் பச்சை குத்திய அடையாளம் இருந்ததைத் தாம் கண்டதாக கைஸ் பின் அபீ ஹாஸிம் (ரஹ்) அறிவிக்கிறார்கள். அது ஜாஹிலிய்யா காலத்தில் குத்தப்பட்டது. தம் கணவர் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் மரணித்தபோது அவர்களைக் குளிப்பாட்டியவர் இந்த அஸ்மா (ரலி) அவர்கள்தான். அந்தத் தலைமுறை அவரைக் கண்ணியமாகவே நடத்தியது.

அப்படியிருக்க, ஸஃப்பில் நம் பக்கத்தில் நிற்பவரின் கையில் டாட்டூவைக் கண்டு முகம் சுளிக்க நாம் யார்? அவர் நேற்றிரவு அழுது தவ்பா செய்தவராக இருக்கலாம். நாம் காண்பது மையை. அல்லாஹ் பார்ப்பது உள்ளத்தை. அவருக்கு ஸலாம் சொல்லி இடம் கொடுங்கள். வசதியுள்ளவர்கள், சிகிச்சைக்கு வழியில்லாத ஒருவருக்கு வட்டியில்லாத கடனாக உதவுங்கள்.

டாட்டூ உள்ள சகோதரரே, சகோதரியே! மை போகும் வரை தொழுகையைத் தள்ளிப்போடாதீர்கள். முதலில் தவ்பா, பிறகு தொழுகை, முடிந்தபோது சிகிச்சை. இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

வல்ல ரஹ்மான் நம் பாவங்களை மன்னித்து, நம் தவ்பாவை ஏற்று, உள்ளும் புறமும் தூய்மையானவர்களாக நம்மை ஆக்கி அருள்வானாக! ஆமீன்.