மரம் வைத்தால் வரி குறையுமா?

கேள்வி: வீட்டில் மரம் நடுகிறவர்களுக்கு எந்த நாட்டு அரசாவது வரியில் சலுகை தந்திருக்கிறதா?

பதில்: தந்திருக்கிறது. இத்தாலியில் 2018 முதல் 2024 வரை ‘போனஸ் வெர்தே’ என்றொரு திட்டம் இருந்தது. வெர்தே என்றால் பச்சை. வீட்டைச் சுற்றியுள்ள திறந்தவெளியில் மரம், செடி வைக்க, நீர்ப்பாசனக் குழாய் போட, மொட்டைமாடித் தோட்டம் அமைக்க ஆகும் செலவில் 36 சதவீதத்தை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். ஒரு வீட்டுக்கு 5,000 யூரோ செலவு வரைதான் கணக்கு. ஆக, அதிகபட்சச் சலுகை 1,800 யூரோ. அதுவும் மொத்தமாக இல்லை, பத்து ஆண்டுத் தவணையில். ஆண்டுக்கு 180 யூரோ!

நிபந்தனைகளைக் கேளுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது; வங்கி வழியாகவோ அட்டையிலோ கட்டியிருக்க வேண்டும். நாலு பூந்தொட்டி வாங்கி வைத்தால் போதாது. இருக்கும் தோட்டத்துக்கு ஆண்டுதோறும் செய்யும் பராமரிப்பும் சேராது. மண்வெட்டியை எடுத்து நீங்களே குழி தோண்டினீர்களா? அந்த உழைப்புக்கும் ஒன்றும் இல்லை. எனக்கு உறுத்துவது வேறொன்று. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர் எத்தனை மரம் நட்டாலும் இதில் அவருக்குக் காலணா லாபமில்லை.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1906 முதலே இன்னொரு வழி. குறைந்தது 2 ஏக்கர், ஏக்கருக்கு 200 மரம் இருந்தால் அந்த நிலத்துக்குச் சொத்து வரி விலக்கு. ஆனால் உள்ளே மாடு மேயக்கூடாது.