நம் வீட்டுக் கோழியை அறிவோம்

புதிதாகக் கோழி வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "பத்து நாளாக முட்டையைக் காணோம். இனித் தீனி போடுவது வீண். குழம்பு வைத்துவிடலாம்" என்பதே அது. அக்கோழி உண்மையிலேயே முட்டையிடாத கோழிதானா? தீர்ப்புக் கூறுமுன் கோழியைப் பார்த்து அறியும் முறையைக் கற்றுக்கொள்வோம்.

இனம் அறிதல்

நம் புழக்கடைகளில் காணும் நாட்டுக்கோழிகளுள், உயரமும் நீண்ட கால்களும் உடையதைப் பெருவிடை என்பர். சிறிய உடலுடையதைச் சிறுவிடை என்பர். கொண்டையும் தோலும் கால்களும் கருத்திருப்பின், அது மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியைச் சேர்ந்த கடக்நாத் ஆகும். வெள்ளை இறகும், ஒரு பக்கமாய்ச் சாய்ந்த பெரிய சிவந்த கொண்டையும் உடைய பெட்டை வெள்ளை லெகார்ன். செம்பழுப்பு நிறமுடையது ரோட் ஐலண்ட் ரெட்.

நாட்டுக்கோழி ஆண்டுக்கு ஏறத்தாழ 60 முதல் 80 முட்டைகள் இடும். லெகார்னோ 250க்கு மேலும் இடும். ஆயினும் லெகார்ன் அடைகாப்பது அரிது. நாட்டுக்கோழியோ 21 நாள் அடைகாத்துக் குஞ்சு பொரித்து, அவற்றை இறக்கைக்குள் அணைத்து வளர்க்கும். ஆகவே ஒன்றின் கணக்கை மற்றொன்றிடம் எதிர்பார்த்தல் முறையன்று.

சேவலா, பெட்டையா?

சிறு குஞ்சில் இதைக் கூறுவது கடினம். இரண்டு, மூன்று மாதங்களில் கழுத்து, முதுகு இறகுகளைக் கவனியுங்கள். நுனி கூராக இருந்தால் சேவல், உருண்டிருந்தால் பெட்டை.

முட்டையிடுகிறதா?

முட்டையிடும் கோழியின் கொண்டை சிவந்து பளபளப்பாக இருக்கும். எச்சத்துவாரம் அகன்று ஈரமாக இருக்கும். அதன் இருபுறமும் உள்ள எலும்பு முனைகளுக்கிடையே இரண்டு, மூன்று விரல்கள் நுழையும். முட்டையிடாத கோழிக்கு ஒரு விரலே நுழையும். கொண்டையும் சுருங்கி வெளுத்திருக்கும்.

இவ்வாறு முட்டை நின்றதற்கும் காரணங்கள் உண்டு. கூட்டைவிட்டு எழாமல், கிட்டப் போனால் இறகைச் சிலிர்த்துச் சீறினால், அது அடைக்கோழி. இறகு உதிர்ந்து புதிதாக முளைத்துக் கொண்டிருந்தால், அதன் சத்தெல்லாம் இறகுக்குப் போகிறது. இவ்விரண்டும் சில வாரங்களிலோ மாதங்களிலோ நீங்கி மீண்டும் முட்டையிடும். எல்லா அடையாளமும் சரியாக இருந்தும் முட்டை இல்லையென்றால், வேலியோரத்திலும் வைக்கோற்போரிலும் தேடிப் பாருங்கள்!

நோய் அறிதல்

கோழி வளர்ப்போர் மிகவும் அஞ்ச வேண்டியது வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கேட் நோய். கோழி தூங்கி வழிதல், பச்சையும் வெள்ளையுமாகக் கழிதல், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், கழுத்து முறுக்கிக் கொள்ளுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். இது வைரஸ் நோயாதலால் வந்தபின் குணப்படுத்தும் மருந்து இல்லை. சில நாட்களில் கூடு முழுவதும் வெறுமையாகிவிடும். தடுப்பு மருந்தே காவல். குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் தடுப்பூசியும் போட வேண்டும். இதற்கு அரசு கால்நடை மருந்தகத்தை அணுகலாம். புதிதாகச் சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு, மூன்று வாரம் தனியே பஞ்சாரத்தில் வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு விட வேண்டும்.

தோழியரே, கோழிக்குத் தன் நிலையைச் சொல்ல வாய் இல்லை. கொண்டையும் இறகும் எச்சமுமே அதன் மொழி. நாள்தோறும் தீனியும் தண்ணீரும் வைக்கும்போது ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். அம்மொழி விரைவில் புரியும். குழம்புச் சட்டிக்குப் போகவிருந்த நல்ல கோழியொன்று பிழைக்கவும் கூடும்.